தீக்காயத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியா, பக்கத்து ஆஸ்பத்திரியா?

#1 நைட் டூட்டி

தீக்காயம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "நம் மாவட்டத்துக்கு ஒரு பெரிய தீக்காய ஆஸ்பத்திரி வேண்டும்" என்பதில்தான் போய் நிற்கிறது. எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. அதனால் தனி இழையாகவே ஆரம்பிக்கிறேன்.

முதலில் அளவு தெரியட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி தீக்காயத்தால் ஆண்டுக்குச் சுமார் 1,80,000 பேர் இறக்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும்தான். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் படுகிறது. ஏழை நாட்டுக் குழந்தை தீக்காயத்தில் சாகும் வாய்ப்பு பணக்கார நாட்டுக் குழந்தையைவிட ஏழு மடங்குக்கும் மேல். தீ எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் சுடுகிறது. அப்புறம் நடப்பதில்தான் வித்தியாசம்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ். எங்களிடம் வரும் தீக்காய நோயாளி பெரும்பாலும் நேராக வருவதில்லை. எங்கேயோ ஒரு சின்ன இடத்துக்குப் போய், அங்கிருந்து ரெஃபர் ஆகித்தான் வருவார். சமீபத்தில் ஒருவர் வந்தார். காயம் பட்டது மத்தியானம் இரண்டு மணிக்கு, எங்கள் கைக்கு வந்தது இரவு எட்டு மணிக்கு. எடை 60 கிலோ இருக்கும். கழுத்து, மார்பு, வயிறு, இரண்டு கைகள் என்று 40 சதவீதம். கையில் ஒரே ஒரு ஊசி. அதில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய முதல் பாட்டில், அதிலும் பாதி மிச்சம்.

முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய திரவத்தின் கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 4 மில்லி, அதைக் காயத்தின் சதவீதத்தால் பெருக்க வேண்டும். 4 × 60 × 40 = 9,600 மில்லி. அரை லிட்டர் பாட்டிலாக எடுத்தால் 19 பாட்டில் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட், டிரிப்ஸில் ஏற்றும் உப்பு நீர்). அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பிப்பதில்லை, தீப்பிடித்த நிமிடத்தில் ஆரம்பிக்கிறது. ஆறு மணி நேரம் போயிருந்தது, உள்ளே போனது கால் லிட்டர். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டோம். பையில் விழுந்தது அடர்பழுப்பில் ஒரு மூடி அளவு.

முடிந்த மட்டும் ஏற்றிவிட்டு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் நல்ல தீக்காயப் பிரிவு இருந்தது, ஆனால் அதற்குள் நேரம் போய்விட்டது. மத்தியானம் அவரைப் பார்த்த இடத்தில் இரண்டாவது ஊசி போட்டு, பத்துப் பாட்டிலை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்ப ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். இதற்குக் கட்டடம் தேவையில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் அங்கே எப்படி என்று எழுதுங்கள்.

#2 நூல்கண்டு

சிஸ்டர், நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட வேண்டாம்.

நான் திருப்பூர்க்காரன், இப்போது டாக்காவில் கார்மெண்ட்ஸ் வேலை. இங்கே தேசியத் தீக்காய நிறுவனம் 500 படுக்கையோடு இருக்கிறது. 2018இல் திறந்தார்கள். அது திடீரென்று முளைத்ததல்ல. டாக்டர் சமந்த லால் சென் 1986இல் டாக்கா மெடிக்கல் காலேஜில் ஐந்து படுக்கையோடு ஆரம்பித்த வேலை அது. 2003இல் 50 படுக்கைத் தனிப்பிரிவு ஆனது. அப்புறம் 2010இல் பழைய டாக்காவில் நிம்தலி தீ, நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2012 நவம்பரில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை, நூற்றுக்கும் மேல். வார்டில் இடமில்லாமல் தாழ்வாரத்திலும் ஆட்கள் கிடந்த காலம் அது. மனிதர் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் கட்டடம் வந்தது. 2024இல் சில மாதங்கள் சுகாதார அமைச்சராகவும் இருந்தார்.

2025 ஜூலை 21 அன்று விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று உத்தராவில் மைல்ஸ்டோன் பள்ளி மீது விழுந்தது நினைவிருக்கும். எரிந்த பிள்ளைகளில் பலரைக் கொண்டுபோனது இந்த இடத்துக்குத்தான். இந்தியா, சீனா, சிங்கப்பூரிலிருந்து டாக்டர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஐந்து படுக்கை வார்டாகவே இருந்திருந்தால் அவர்கள் வந்து எங்கே நின்று வேலை செய்திருப்பார்கள்?

#3 சாத்தூர் சேவு

எங்கள் பக்கம் இது பட்டிமன்றத் தலைப்பே இல்லை அண்ணாச்சி, இரண்டும் வேண்டும். சுற்றிலும் வெடி ஆலை. 2012 செப்டம்பரில் சிவகாசி முதலிப்பட்டியில் நடந்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதில் ஆலையில் வேலை பார்க்காதவர்களும் நிறைய. புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடினவர்கள் அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். ஆம்புலன்ஸ் வருகிறவரை பக்கத்தில் நிற்கிற ஆள் என்ன செய்வது? ஒருவன் டூத்பேஸ்ட் என்கிறான், ஒருவன் இங்க் என்கிறான், ஒருத்தி தோசை மாவோடு ஓடி வருகிறாள்.

#4 கத்தரி டாக்டர்

சேவு அண்ணன் கேட்டதற்கு முதலில். (பிளாஸ்டிக் சர்ஜரி படித்துக்கொண்டிருக்கிறேன். பர்ன்ஸ் வார்டில்தான் குடியிருப்பு.)

தண்ணீர். குழாய்த் தண்ணீர், 20 நிமிடம், ஓடுகிற தண்ணீராக. காயம் பட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் ஊற்றினாலும் பலன் உண்டு, ஆகவே "நேரமாகிவிட்டதே" என்று விட வேண்டாம். ஐஸ் கூடாது. மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் வீங்கிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒட்டிப்போன துணியைப் பிடுங்காதீர்கள். வெடிமருந்துப் பொடி மேலே கொட்டியிருந்தால் உலர்ந்த நிலையில் தட்டிவிட்டு அப்புறம் தண்ணீர். பெரிய காயமென்றால், குழந்தையென்றால் இன்னும் முக்கியமாக, ஊற்றி முடித்ததும் சுத்தமான வேட்டியால் மூடிக் குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ்ட், இங்க், மாவு, முட்டை எதுவும் வேண்டாம். இவற்றை நாங்கள் சுரண்டி எடுத்தால்தான் காயத்தின் ஆழமே தெரியும். சுரண்டும்போது அந்த ஆள் படும் பாட்டை ஒருமுறை பார்த்தால் யாரும் தடவ மாட்டார்கள்.

சதவீதம் எப்படி என்று கேட்பீர்கள். நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை சுமார் ஒரு சதவீதம். உங்கள் கை இல்லை, நோயாளியின் கை. பெரியவர்களுக்கு 15-20, குழந்தைகளுக்கு 10 தாண்டினால் திரவம் ஏற்றியே ஆக வேண்டும்.

இனி விவாதத்துக்கு வருகிறேன். நைட் டூட்டி சிஸ்டர் சொன்னது முதல் 48 மணி நேரக் கதை. அதைத் தாண்டியவரை அடுத்த மூன்று வாரத்தில் கிருமி கொண்டுபோகிறது. கருகிய தோல் உடம்பின் மேல் இருக்கிறவரை அது கிருமிக்கு விருந்து. முன்பெல்லாம் அது தானாக உரியட்டும் என்று காத்திருந்தார்கள். ஸோரா யான்ஷெகோவிச் என்ற பெண் மருத்துவர், இன்றைய ஸ்லோவேனியாவின் மரிபோர் ஊரில், சில நாட்களுக்குள்ளேயே கருகியதைச் சீவி எடுத்து அன்றே தோல் ஒட்டிக் காட்டினார். 1970இல் அவர் அதை எழுதிய பிறகுதான் உலகமே மாறியது. அவர் இருந்தது நியூயார்க்கோ லண்டனோ இல்லை, அன்றைய யூகோஸ்லாவியாவில் ஒரு நடுத்தர ஊர்.

ஆனால் அந்த ஆபரேஷனுக்கு மயக்க டாக்டர் வேண்டும், ரத்தம் வேண்டும், கதகதப்பான தியேட்டர் வேண்டும், ஒட்டத் தோல் வேண்டும். இதைத் தாலுகா ஆஸ்பத்திரியில் செய்ய முடியாது. 40 சதவீதக் காயம் உள்ள இளைஞர் பணக்கார நாடுகளில் பிழைப்பது வழக்கம், இங்கே அது அதிர்ஷ்டம் என்றால் காரணத்தில் பாதி சிஸ்டர் சொன்னது, பாதி இது.

#5 நைட் டூட்டி

டாக்டர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தியேட்டருக்கு வருகிற ஆள் உயிரோடு வர வேண்டுமே. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆரம்ப சுகாதார நிலையம், எத்தனை தாலுகா ஆஸ்பத்திரி? ஒவ்வொன்றிலும் இரண்டு பேருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் வகுப்பு போதும். பாம்புக்கடிக்குச் சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்கள், தீக்காயத்துக்கு ஒன்றும் கிடையாது.

டிரிப்ஸ் போட வழியே இல்லாத இடத்தில்? எங்கள் பழைய ஹெட் நர்ஸ் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) கரைத்துக் கொடுக்கச் சொல்வார்.

#6 கத்தரி டாக்டர்

உங்கள் ஹெட் நர்ஸ் சொன்னது சரி. வாந்தி இல்லாமல், நினைவோடு, விழுங்க முடிகிற நோயாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். ஒரே நேரத்தில் ஏராளமானோர் எரிந்துவரும் விபத்துகளுக்காக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னதிலும் வாய்வழித் திரவம் இருக்கிறது. முகம், வாய் எரிந்திருந்தால், குரல் கம்மியிருந்தால் அந்த வேலை வேண்டாம். அங்கே மூச்சுக்குழாய்தான் முதல் கவலை, உடனே அனுப்புங்கள்.

பயிற்சி பற்றி: இன்டர்பர்ன்ஸ் என்று ஒரு தன்னார்வ அமைப்பு இருக்கிறது. நீங்கள் கேட்கிற மாதிரிச் சின்ன வகுப்புகளை நேபாளம், வங்கதேசம், ஆப்பிரிக்க நாடுகள் என்று நடத்துகிறார்கள். டாக்டர், நர்ஸ், பிஸியோ மூவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பது அவர்கள் பாணி. எனக்குப் பிடித்தது அதுதான். நம் ஊரில் டாக்டருக்கு ஒரு கருத்தரங்கு (ஏசி ஹால், பிரியாணி), நர்ஸுக்கு ஒன்றும் கிடையாது.

#7 மட்டுநகரான்

வணக்கம், மட்டக்களப்பில் இருந்து. எல்லாரும் எரிந்த பிறகு என்ன செய்வது என்றே கதைக்கிறீர்கள். எரியாமல் செய்த ஒரு மனுசனைப் பற்றிச் சொல்கிறேன்.

கரண்ட் இல்லாத காலத்தில் எங்களுக்கெல்லாம் குப்பி விளக்குத்தான். பழைய மருந்துப் போத்தல், மின்குமிழ் ஓடு, எது கிடைத்தாலும் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொளுத்துவது. கை பட்டால் சரியும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும், பாயில் படுத்திருக்கிற பிள்ளையின் மேலே தீ. ஆஸ்பத்திரியில் தீக்காய வாட்டு முழுக்க இப்படி வந்தவர்கள். அப்போது விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1992இல் ஒரு விளக்குச் செய்தார். மார்மைட் போத்தலைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். கட்டையாக, பாரமாக, தடித்த கண்ணாடியில் இருக்கும். சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. மூடி திருகு மூடி, கழன்று விழாது. விலையும் சொற்பம். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கொடுத்தார்கள்.

அறுத்துத் தைக்கத் தெரிந்த ஆள், அறுக்கத் தேவையில்லாமல் செய்யப் போத்தல் தொழிற்சாலைக்கு அலைந்தார். இந்த இழையில் அதையும் ஒரு "சிகிச்சை" என்று சேர்த்துக்கொள்ளுங்கோ.

#8 ஆடிஸ் வாத்தியார்

மட்டுநகரானை வழிமொழிகிறேன். நான் எத்தியோப்பியாவில் கல்லூரி ஆசிரியர். இங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறோம், தெரிந்திருக்கும். கிராமத்து வீடுகளில் அடுப்பு என்றால் தரையில் திறந்த நெருப்பு. தவழ்கிற குழந்தைக்கும் அதற்கும் நடுவில் எதுவும் கிடையாது.

எனக்குப் புதிதாகப் பட்டது இன்னொன்று. வலிப்பு நோயாளிகள். நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வலிப்பு வந்து அதிலேயே விழுந்துவிடுகிறார்கள். நினைவில்லாததால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாது. எலும்புவரை எரிந்துவிடுகிறது. சில இடங்களில் வலிப்பு தொற்றும் என்ற பயத்தில் யாரும் தொட்டுத் தூக்குவதும் இல்லை. வலிப்பு மாத்திரை மலிவானது. அது ஒழுங்காகக் கிடைத்தால் ஒரு பகுதித் தீக்காயம் இல்லாமலே போகும். உலக சுகாதார நிறுவனமும் வலிப்பைத் தீக்காய அபாயங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் தீக்காயத் திட்டம் என்றால் யாரும் வலிப்பு மாத்திரையைப் பட்ஜெட்டில் எழுதுவதில்லை.

#9 கருப்பட்டிக் காப்பி

எல்லாம் சரி, ஆனால் நம் முன்னோர் தீக்காயத்துக்கு வாழை இலையில்தான் படுக்கவைத்தார்கள். அதைக் கேலி செய்தவர்கள் இன்று வெள்ளைக்காரன் மீன் தோலை ஒட்டினால் கை தட்டுகிறார்கள். மஞ்சளையும் இப்படித்தான் ஒருநாள் ஒத்துக்கொள்வீர்கள்.

#10 கத்தரி டாக்டர்

கருப்பட்டி சார், வாழை இலையை யாரும் கேலி செய்யவில்லை. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே அதைச் சோதித்து மருத்துவ இதழில் எழுதினார். இலையைத் துண்டாக்கித் துணியில் ஒட்டி, ஆட்டோகிளேவில் நீராவியில் கிருமி நீக்கி, டிரெஸ்ஸிங்காகப் பயன்படுத்தினார். அதற்கு முன் அதே மும்பையில் டாக்டர் கேஸ்வானி உருளைக்கிழங்குத் தோலை வைத்து இதே மாதிரி செய்திருந்தார். வாழை இலை அதற்குச் சமமாக வேலை செய்தது, விலையோ பல மடங்கு குறைவு. காரணமும் எளிது: இலை வழவழப்பானது, காயத்தில் ஒட்டாது. மாற்றும்போது வலி குறைவு. வெறும் காஸ் துணி ஒட்டிக்கொண்டால் சலைன் ஊற்றி ஊற்றி ஊறவைத்து எடுப்போம், அப்போதும் புதிதாக வந்த மெல்லிய தோல் கூடவே கிழிந்து வரும். அந்த நேரத்தில் வார்டில் கேட்கிற சத்தத்துக்கு நான் இன்னும் பழகவில்லை.

மீன் தோலும் வெள்ளைக்காரன் விஷயமில்லை. பிரேசிலின் ஃபோர்டலேசாவில் திலாப்பியா மீன் தோல். அங்கேயும் தானத் தோலைச் சேமித்துவைக்கும் தோல் வங்கி போதாமல்தான் அந்த வழிக்குப் போனார்கள். நம் அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம்கூட மாட்டுத் தோலிலிருந்து காயத்தை மூடக் கொலாஜன் (தோலில் உள்ள புரதம்) தாள் செய்து கொடுத்திருக்கிறது.

மஞ்சள் மட்டும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் "செய்யக்கூடாதவை" பட்டியலில் மஞ்சளைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சோதித்துத் தேறிய பிறகு தாராளமாகப் பேசலாம், வாழை இலை தேறியதுபோல.

#11 பெர்த் பரணி

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி. 2002 பாலி குண்டுவெடிப்பில் எரிந்தவர்களில் 28 பேரை இங்கே ராயல் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் ஃபியோனா வுட் தலைமையில் சிகிச்சை. நோயாளியின் தோல் செல்களையே எடுத்துத் தெளிக்கும் முறையை வளர்த்தவர் அவர். அந்தத் தொழில்நுட்பம் எல்லா நாடுகளுக்கும் போனால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

#12 நூல்கண்டு

பரணி, 28 பேரை இந்தோனேசியாவிலிருந்து விமானத்தில் தூக்கிவர முடிந்ததுதான் அங்கே முதல் தொழில்நுட்பம் :) இங்கே உள்மாவட்டத்திலிருந்து ஒருவர் டாக்கா வந்துசேரப் படகு, பஸ், ஆம்புலன்ஸ், அப்புறம் டாக்கா டிராஃபிக். சிஸ்டருடைய கணக்கை இங்கே போட்டால் எட்டு மணி நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும். இந்த விஷயத்தில் நான் சிஸ்டர் கட்சிக்குக் கொஞ்சம் நகர்ந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய இடம் ஒன்று இருப்பதால்தான் வங்கதேசத்தில் பிளாஸ்டிக் சர்ஜன்கள் உருவாகிறார்கள். உங்கள் ஒரு நாள் வகுப்பை எடுக்க ஆள் அங்கிருந்துதான் வர வேண்டும்.

#13 கனகா தையலகம்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர், சிஸ்டர், எல்லோரும் உயிர் பிழைப்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். நான் பிழைத்தவள். அதனால் அதற்கு அப்புறம் உள்ளதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் படிக்கும்போது அடுப்படியில் தாவணியில் தீ. கழுத்தும் வலது அக்குளும். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள், காயம் ஆறியது, அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தாடை நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டது. வாயை முழுதாக மூட முடியாது, எச்சில் வடியும். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலை வார அம்மா வேண்டும், ஜாக்கெட் போட அம்மா வேண்டும். வலிக்காத பக்கமாகவே கழுத்தை வைத்துக்கொள்ளத் தலையணை கொடுத்தார்கள் பாசத்தில். அந்தத் தலையணைதான் கெடுத்தது என்று பிற்பாடு ஒரு பிஸியோ அக்கா சொன்னார். கழுத்து எரிந்தவருக்குத் தலையணை கூடாதாம், தோளுக்கு அடியில் மடித்த போர்வை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வேண்டுமாம். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை பெயர் நாலு இருந்தது, இது இல்லை.

பிற்பாடு ஒட்டியதை விடுவிக்கச் செய்த அறுவைச் சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை. பஸ்ஸுக்கும், கூட வருகிற அம்மாவின் கூலி போகிறதற்கும் யார் கொடுப்பார்கள்? நாலு தடவை வரச் சொன்னால் ஏழைபாழைகள் ஒரு தடவைதான் வருவார்கள். பக்கத்து ஊரில் வாரம் ஒரு நாள் ஒரு பிஸியோ வந்து உட்கார்ந்தால் எத்தனையோ பேருக்கு இரண்டாவது ஆபரேஷனே வேண்டியிருக்காது. என் ஓட்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான், ஆனால் சிஸ்டர் சொன்ன முதல் நாளுக்காக மட்டும் இல்லை.

இப்போது இரண்டு கையாலும் துணி வெட்டுகிறேன். மெஷின் ஓட்ட யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. கடைக்கு முன்னால் உட்காரத்தான் கொஞ்ச காலம் ஆனது.

#14 நைட் டூட்டி

கனகா அக்கா, இந்தத் தோளுக்கு அடியில் போர்வை விஷயத்தை எங்கள் வார்டில் சுவரில் எழுதி ஒட்டப்போகிறேன். நிஜமாகவே.

#15 கறுப்பு கோட்

ஒரு விஷயத்தை எல்லோரும் நாசூக்காகத் தாண்டிப்போகிறீர்கள். பெண்கள் வார்டில் "ஸ்டவ் வெடித்தது" என்று எழுதியிருக்கும் சீட்டுகளில் எத்தனை ஸ்டவ் நிஜமாக வெடித்தது? ஸ்டவ் வெடித்தால் முன்பக்கம் எரியலாம், தலையிலிருந்து கீழே ஊற்றிய மாதிரி எரியாது. மண்ணெண்ணெய் அடுப்பு வீடுகளில் குறைந்துவிட்டது, சீட்டில் அந்த வரி இன்னும் நிற்கிறது.

சிகிச்சை எட்டாமல் போவதற்கு இதுவும் காரணம். எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்ட கேஸ்), போலீஸ், மரண வாக்குமூலம் என்று வரும் என்பதால் சில தனியார் இடங்கள் தீக்காயம் என்றதும் கதவைக்கூடத் திறப்பதில்லை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் உயிரைக் காக்கும் சிகிச்சையை முதலில் தர வேண்டும் என்று 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357சி, இப்போது புதிய சட்டத்தில் 397. வாசலில் நிறுத்தினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். எண்ணைச் சொன்னால் குரல் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

#16 சாத்தூர் சேவு

டாக்டர், தோல் தானம் என்று எங்கேயோ படித்தேன். கண் தானம் மாதிரியா? செத்தவர் தோலை உரிப்பார்களா? எங்கள் ஊரில் இதைச் சொன்னால் என்னை ஊரை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

#17 கத்தரி டாக்டர்

உரிப்பதெல்லாம் இல்லை அண்ணன். தொடை, கெண்டைக்கால், முதுகு இங்கிருந்து மேல்பகுதியை மட்டும் மெல்லிய தாளாகச் சீவி எடுப்பார்கள். கட்டுப் போட்டு உடையணிவித்துக் கொடுப்பார்கள். முகம், கைகளைத் தொடுவதில்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ரத்த வகை பொருத்தம் தேவையில்லை. கிளிசராலில் போட்டுக் குளிரில் வைத்தால் ஐந்து ஆண்டு வரை இருக்கும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, தோல் புற்றுநோய் போன்றவை இருந்தால் எடுக்க மாட்டார்கள்.

அந்தத் தோல் நோயாளிக்கு நிரந்தரமாக ஒட்டாது, சில வாரங்களில் கழன்றுவிடும். ஆனால் அந்தச் சில வாரம்தான் எங்களுக்கு வேண்டியது. 60 சதவீதம் எரிந்தவரிடம் எடுத்து ஒட்ட அவருடைய சொந்தத் தோல் எங்கே இருக்கிறது? அதுவரை மூடி வைத்தால் நீர் வெளியேறாது, கிருமி புகாது, வலியும் குறையும். நான் முன்பு சொன்ன டாக்டர் மாதுரி கோரே 2000இல் சயானில் தோல் வங்கி தொடங்கினார். கோவை கங்கா மருத்துவமனையில் உண்டு. நேபாளத்தில் கீர்த்திபூர் மருத்துவமனையில் உண்டு. இது இருந்தால்தான் யான்ஷெகோவிச் சொன்ன மாதிரி சீக்கிரம் சீவி எடுக்கும் தைரியம் எங்களுக்கு வரும்.

சொல்கிற விதத்தில் ஒரு யோசனை: கண் தானத்துக்கு ஏற்கெனவே சம்மதிக்கிற குடும்பத்திடம் அதே நேரத்தில் கேட்பது. கண்ணுக்கும் அதே ஆறு மணி நேரம்தான்.

#18 கருப்பட்டிக் காப்பி

வாழை இலையை ஒத்துக்கொண்டதற்கு நன்றி டாக்டர். மஞ்சள் விஷயத்தில் இன்னும் கோபம்தான், ஆனால் பேத்திக்குக் காயம் பட்டால் தண்ணீர்தான் ஊற்றுவேன்.

கண் தானக் கார்டு எனக்கு இருக்கிறது. தோலுக்குத் தனியாக எழுத வேண்டுமா?

#19 கத்தரி டாக்டர்

எழுதி வைத்தால் நல்லது சார், அதைவிட வீட்டில் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் முடிவெடுப்பது வீட்டார்தான்.

#20 அழகர்கோயில் ரோடு

புது உறுப்பினர். சம்பந்தம் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன். என் தங்கை மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதில் கொதிக்கிற சாம்பார் கொட்டி வலது முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. ஆறிய காயம்தானே, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டார்கள். நான்கு ஆண்டு ஆகிவிட்டது. இனிமேல் வாய்ப்பு இருக்கிறதா?

#21 கத்தரி டாக்டர்

இருக்கிறது, அழைத்துக்கொண்டு வாருங்கள். நான்கு ஆண்டெல்லாம் தாமதமே இல்லை, இருபது ஆண்டுக்கு முந்தைய கையையும் விடுவிக்கிறார்கள். ஆனால் குழந்தைக்கு எலும்பு வளர்கிறது, தழும்பு கூடவே வளராது. அதனால் மேலும் தள்ளிப்போட வேண்டாம். இழுத்துக்கொண்டிருக்கும் பட்டையை வெட்டி விடுவித்து, இடைவெளியில் தோல் ஒட்டுவார்கள். பட்டை குறுகலாக இருந்தால் பக்கத்துத் தோலையே இடம் மாற்றித் தைத்துவிடலாம். மெடிக்கல் காலேஜ் பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.க்குப் போங்கள், எலும்பு வார்டுக்கு அனுப்பினால் திரும்பி வந்து கேளுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை, ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை.

#22 கனகா தையலகம்

அழகர்கோயில் ரோடு, ஆபரேஷனோடு முடியாது, அதைத் தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கை நேராக நிற்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுப்பார்கள், மாதக்கணக்கில் ராத்திரி கட்டிக்கொண்டே தூங்க வேண்டும். பையன் அழுவான், அரிக்கிறது என்பான், கழற்றச் சொல்லிக் கெஞ்சுவான். கழற்றக் கூடாது. காயம் முழுதாக ஆறி டாக்டர் சரி என்ற பிறகு தேங்காய் எண்ணெய் தடவி அழுத்தித் தேய்த்துவிடுங்கள், அரிப்பு குறையும். தழும்பை அழுத்திப் பிடிக்கும் அழுத்தத் துணி தைக்க அளவு வேண்டுமென்றால் தனிமடலில் கேளுங்கள். நான் தைத்துத் தருகிறேன், பஸ் பார்சலில் போட்டுவிடலாம். பிஸியோ சொல்கிற இறுக்கத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.